முன்னுக்கு ஓடுகிறவன்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டொலறஸ் சட்டிபானையைத் தொடமாட்டாள். முதலில் மகனுடைய உடம்பைப் பார்க்கவேண்டும். குசினிக் கதிரையில் அவனை மேற்சட்டை இல்லாமல் இருத்தி, நல்லெண்ணெயில் மஞ்சளைப் போட்டுச் சூடாக்கி, கழுத்தடியில் தொடங்கி முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டு வருவாள். தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல் இருக்கும். விலாவிலும் இருக்கும். அதற்கெல்லாம் அவள் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தால் மட்டும் முகம் வெளிறிப்போகும்.

"இது எப்பிடி வந்தது?"

"விழுந்தனான் அம்மா."

"நான் தைச்சுத் தந்த உறை எங்கை?"

"போட்டிருந்தனான். கிழிஞ்சு போச்சு."

"இரட்டைத் துணி வைச்சுத் தைச்சது எப்பிடியடா கிழியும்? கழட்டி வைச்சிட்டு ஓடியிருக்கிறாய். எனக்குத் தெரியாதோ?"

அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். அவன் இருந்தால் கதிரை முனகும். பெயர் கிறிஸ்துநாயகம், வீட்டில் நாயகம், விளையாட்டுக்காரருக்கு கிறிஸ். தொழில் அமெரிக்கன் ஃபுட்போல். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு.

நான் அந்த வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தேன். பெயர் குலசேகரம். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. ஊர் கொக்குவில், சைவம். அவர்கள் மன்னார் பேசாலை, கத்தோலிக்க வேதக்காரர். டொலறஸின் மீன் குழம்புக்கு முன்னால் எங்களுக்குள் சமய பேதம் ஒன்றும் இருக்கவில்லை.

பந்தைக் காலால் தொடாத விளையாட்டுக்கு ஃபுட்போல் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனைக் கண்டால் நான் நாலு கேள்வி கேட்பேன். கும்பலாகக் குனிந்து நிற்பார்கள், ஒருவன் ஏதோ கத்துவான், உடனே கிடாய்கள் போல முட்டிக்கொண்டு விழுவார்கள், பிறகு எழும்பி நின்று கூட்டம் வைப்பார்கள். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். நாயகத்தின் தகப்பன் யாக்கோப்புதான் எனக்கு அதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினான்.

"குலம் அண்ணை, இவனிட்டைப் பந்து வராது. பந்தைக் கொண்டு ஓடுறவன் வேறை ஒருத்தன். இவன் அவனுக்கு முன்னுக்கு ஓடி, மறிக்க வாறவனை இடிச்சு விழுத்த வேணும். இவன் விழுந்தாலும் காரியமில்லை. பின்னாலை வாறவன் போய்ச் சேர்ந்தால் சரி. அதுக்குத்தான் ஃபுல்பாக் எண்டு பேர்."

"அப்ப கைதட்டு ஆருக்கு?"

"பின்னாலை வாறவனுக்கு."

"சம்பளம்?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப சரி" என்றேன்.

யாக்கோப்பு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தான். ஊரில் கரைவலை இழுத்தவன். அவனுடைய தகப்பனும் பாட்டனும் அதேதான். ஈரமணலில் குதியை ஊன்றி, இடுப்பில் கயிற்றைக் கொழுவி, பின்பக்கமாகச் சாய்ந்து வலையைக் கரைக்கு ஏற்றிய கால்கள் அவை. அந்தக் கெண்டைக்கால் அப்படியே மகனுக்கு வந்திருந்தது. பன்னிரண்டு வயதில் லண்டனுக்கு வந்த பொடியன், ரீவியில் இந்த விளையாட்டைக் காட்டத் தொடங்கிய காலத்தில், மிச்சம் என்கிற இடத்துப் புல்வெளியில் ஜமெய்க்கன் பொடியன்களோடு சேர்ந்து விளையாடப் போனான். தபால்காரன் ஒருவன்தான் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். அவன் நாயகத்தின் காலைப் பார்த்துவிட்டு, "நீ பந்தைப் பற்றி யோசிக்காதே, ஆளை இடி" என்றானாம். இடித்தான். இடித்து இடித்தே, லண்டனுக்கென்று சம்பளம் கொடுத்து ஒரு அணி வைத்தபோது அமெரிக்கர்களுக்கு நடுவில் அவனுக்கும் ஒரு இடம் கிடைத்தது. ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் விளையாடப் போகவேண்டும் என்பதால் பிரிட்டிஷ் பிரஜையாகி, அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு சிவப்புப் பாஸ்போட்டும் எடுத்தான்.

பெற்ற தாய்க்கு இதில் பயம் எதுவென்றால், மகனுடைய மண்டை உடையுமோ, கால் முறியுமோ என்பதில்லை. காயத்துக்குப் பயமில்லை, தழும்புக்குப் பயம். அதற்குக் காரணம் மூத்தவன் முத்து.

செபமாலைமுத்து என்று பெயர். பேசாலையில் படித்துக்கொண்டிருந்தான். சோதினை பாஸானால் மகன் மடுக் கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் முழங்காலால் நடப்பான் என்று டொலறஸ் நேர்த்தி வைத்தாள். மாதா கைவிடவில்லை, பொடியன் நல்லாய்ப் பாஸ் பண்ணினான். நடந்தான். குறுணிக்கல் கிழித்து இரண்டு முழங்காலும் காயமாகிப் போனது. அந்தக் காயம் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்த கிழமைதான் ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க அவர்கள் கொண்டுவந்த, முகத்தை மூடிய தலையாட்டி முத்துவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டாமல் தாண்டிப் போய்விட்டான். தப்பினான் என்று டொலறஸ் மூச்சு விட்டாள். அப்போது ஒரு ஆமிக்காரன் சாரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னான். முழங்காலோ முழங்கையோ உரிந்த பொடியன் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவன்.

"கோயில் காயம் ஐயா, நேர்த்திக் காயம்" என்று டொலறஸ் கத்தினாள். தமிழில் கத்தினாள். அவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. டிரக் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முத்து பிறகு வரவேயில்லை.

மிஞ்சிய மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் லண்டனுக்கு ஓடிவந்தார்கள். சின்ன மகள் மேரிறோஸைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டுவிட்டு, ஒரு வருசத்தில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஒரு வருசம் பதினொரு வருசமாகிவிட்டது.

அந்தப் பதினொரு வருசமும் டொலறஸ் முழந்தாள் போட்டதில்லை. பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் முன்னால் இருக்கிற வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாதம், கால் மடங்காது என்று சுவாமியாருக்குச் சொல்லிவைத்திருந்தாள். பஸ்ஸுக்கு ஓடும்போது அந்த வாதம் எங்கே போகும் என்று நான் ஒருமுறை பகிடியாகக் கேட்கப்போய், யாக்கோப்பு என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பிறகுதான் அவன் எனக்கு முத்துவின் கதையைச் சொன்னான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு யூன் மாதம், ஒரு பின்னேரம், கொழும்பிலிருந்து போன் வந்தது. கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் நடத்துகிற பியற்றிஸ் என்ற மனுசி. மேரிறோஸ் அங்கேதான் தங்கி விசாவுக்குக் காத்திருந்தாள். விசா கிடைத்துவிட்டது. அதற்குச் சந்தோசப்பட நேரமில்லாமல் மற்றக் கதையையும் அந்த மனுசி சொன்னாள்.

"முந்தநாள் பொலிஸ் வந்து லொட்ஜிலை இருந்த பெட்டையள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். நான் போய்க் கத்திக் குழறி வெளியிலை எடுத்தனான். இனி என்னாலை ஏலாது. மாத முடிவுக்குள்ளை ஆரும் வெளிநாட்டுப் பாஸ்போட்டோடை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. மன்னார் அடையாள அட்டையோடை ஒரு குமர்ப்பிள்ளை எயாப்போட் றோட்டிலை தனியப் போகேலாது."

யாக்கோப்பு அப்போது குசினித் தொட்டியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். டூட்டிங் கடையில் வாங்கிய விளைமீன். கத்தியை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் நின்றான். அவனுக்கும் டொலறஸுக்கும் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது. என்னிடம் இருந்ததும் அதே கோதாரிதான்.

"நான் போறன்" என்றான் நாயகம்.

"நீ வாயை மூடு!" என்றாள் டொலறஸ்.

"அம்மா, என்ரை பாஸ்போட் பிரிட்டிஷ். அவங்கள் என்னைத் தொடமாட்டாங்கள்."

"பாஸ்போட்டையோ பாப்பாங்கள்? கையைப் பாப்பாங்கள். உன்ரை தோளைப் பாப்பாங்கள். இந்த உடம்போடை ஒரு தமிழ்ப் பொடியன் விளையாடப் போறவன் எண்டு சொன்னால் ஆர் நம்புவான்? என்ன விளையாட்டெண்டு கேட்டால் என்னடா சொல்லுவாய்?"

"ஃபுட்போல் எண்டு சொல்லுவன்."

"ஃபுட்போலிலை முழங்கை ஏன் உரிஞ்சதெண்டு கேட்டால்?"

நானே பத்து வருசமாக விளங்காமல் இருக்கிற விளையாட்டு. வழியில் மறிக்கிற ஒரு சிப்பாய்க்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

"ஒருத்தனை முழங்காலுக்குக் குடுத்திட்டன்" என்றாள் டொலறஸ். "இவனை முழங்கைக்குக் குடுக்கமாட்டன். சத்தியமாய்க் குடுக்கமாட்டன்."

யாக்கோப்பு வெட்டின மீனைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தைதான் கேட்டான்.

"அப்ப பெட்டை?"

டொலறஸ் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. அன்று மீனை யாரும் சமைக்கவுமில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அந்தப் பருவத்தில் இன்னும் ஒரு ஆட்டம் மட்டும் மிச்சம். முழங்கையில் புதுக் காயம் ஒன்றும் படாமல் அதை முடித்துவிட்டால், மாத முடிவுக்குள் பழைய காயம் ஆறிவிடும்; அதற்குப் பிறகு போகலாம். விளையாடாமலே விட்டுவிடு என்று டொலறஸ் கெஞ்சிப் பார்த்தாள். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருசத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்றான் நாயகம். அவள் இரவுபகலாக இருந்து முழங்கைக்குப் புது உறை தைத்தாள். யாக்கோப்புவின் பழைய ஜீன்ஸை வெட்டி, உள்ளே பிளனல் துணி வைத்து, மேலே நைலோன் நூலால் நெருக்கித் தைத்தாள். பொடியன்கள் கிறிஸை அதற்காகப் பகிடி பண்ணுவார்களாம். அவன் சிரித்துவிட்டுப் போட்டுக்கொள்வான்.

அந்த ஆட்டத்துக்கு நானும் போனேன். வட லண்டனில் எட்மண்டன் பக்கத்து மைதானம். தூறல். தலையில் கவசமும் தோளில் பலகையுமாக அத்தனை பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். டொலறஸ் மட்டும் தன் பிள்ளையை உடனே கண்டுபிடித்துவிட்டாள். கையில் செபமாலை. பந்து எங்கே போகிறது என்று அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"உறை இருக்கோ அண்ணை? ரெண்டு கையிலும் இருக்கோ?"

"இருக்கு, இருக்கு. நீ பதறாதை."

கடைசி நேரம். எல்லைக் கோட்டுக்கு நாலு யார் தூரம். நாயகம் குனிந்து கையை நிலத்தில் ஊன்றி நின்றான். சத்தம் கேட்டதும் வெளிக்கிட்டான். எதிரே வந்தவன் இவனிலும் பெரிய ஒரு மலை. இரண்டு பேரும் மோதிய சத்தம் எங்கள் வாங்கு வரைக்கும் கேட்டது. அந்த இடைவெளிக்குள்ளால் பின்னால் வந்த பொடியன் பந்தோடு நழுவிப் போய்க் கோட்டைத் தாண்டினான். சனம் எழும்பிக் கூத்தாடியது. நாயகம் குப்புற விழுந்து கிடந்தான்.

"எழும்பிட்டானோ?"

"எழும்புறான், எழும்புறான்."

எழும்பினான். ஒரு உறை தோளடி வரைக்கும் சுருண்டிருந்தது. மற்றது புல்லில் கிடந்தது. இரண்டு முழங்கையிலும் இரத்தம். சுற்றிவர எல்லாரும் கைதட்ட, டொலறஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். முன்வரிசை வெள்ளைக்காரி, சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

காயம் ஆறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பியற்றிஸ் திரும்பவும் போன் எடுத்தாள். பக்கத்து லொட்ஜிலும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அடுத்த புதன்கிழமை நாயகம் வெளிக்கிட்டான். பொருக்கு இன்னும் விழவில்லை. டொலறஸ் அதன்மேல் கிறீம் பூசி, நிறத்துக்கு ஏற்ற பவுடர் அப்பி, நீளக்கைச் சட்டையின் பொத்தானைத் தன் கையால் பூட்டினாள்.

"வெக்கையெண்டு கையை மடிக்காதை."

"ஓம் அம்மா."

"எதையும் தூக்கிறன் எண்டு கையை உயத்தாதை. சட்டை ஏறும்."

"ஓம்."

"ஆரும் கத்தினால் நிலத்தைப் பார். வாய் காட்டாதை. என்ரை ராசா, உன்ரை விளையாட்டை அங்கை விளையாடிப்போடாதை."

அவன் சிரித்தான். அந்த வீட்டில் அன்று சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

கொழும்பில் இறங்கியதும் போன் வந்தது. தங்கச்சியைக் கண்டதும் ஒரு போன் வந்தது. வெள்ளிக்கிழமை எயாப்போட்டுக்கு வெளிக்கிடுகிறோம், உள்ளே போனதும் எடுக்கிறேன் என்றான். அந்தப் போன்தான் வரவில்லை.

நான் ஷிப்டுக்குப் போகவில்லை. யாக்கோப்பு போனான், அவனுக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். டொலறஸ் போன் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். இரு என்றால் இருக்கமாட்டாள். பிளேன் ஏறுகிற நேரம் போனது. பிளேன் வந்து சேரவேண்டிய நேரமும் வந்தது. போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். இங்கிலிஷ் குரல் ஒன்றைக் கேட்டதும் முகம் சாம்பலாகி ரிசீவரை என் கையில் திணித்தாள்.

"எம்பசிக்காரர்... ஐயோ, என்னெண்டு கேளுங்கோ அண்ணை."

எம்பசியில்லை. நாயகத்தின் கோச். கிறிஸை அடுத்த வருசத்துக்கும் எடுத்துவிட்டோம், கையெழுத்துப் போட வரச்சொல்லுங்கள் என்று அந்த மனுசன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் டொலறஸிடம் சொன்னேன். அவளுக்கு அது காதில் ஏறவேயில்லை.

"இவருக்கு நாலு பேரைத் தெரிஞ்சிருக்கும். என்ரை பிள்ளையைக் கண்டவையோ எண்டு கேளுங்கோ அண்ணை. கேளுங்கோவன்."

நான் கேட்கவில்லை. தாங்க் யூ என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை இனி இல்லை என்றே அப்போது நான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, தேத்தண்ணி போடுகிற சாக்கில் குசினிக்குள் போய் நின்றேன்.

அடுத்தநாள் காலை ஹீத்ரோவில் இருந்தே போன் வந்தது. பிளைட் பிந்திப்போச்சு அம்மா, வேறொன்றுமில்லை என்றான்.

போய்க் கூட்டிவந்தோம். ஒன்பது வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை இருபது வயதில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுததை நான் எழுதப்போவதில்லை, அது அவர்களுடையது. நாயகம் பின்னால் மெல்ல மெல்ல நடந்து வந்தான். சட்டைக்கைப் பொத்தான் பூட்டியபடியே இருந்தது. களைத்துப்போனான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் டொலறஸ் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். நாயகம் வேண்டாம் வேண்டாம் என்றான். விடுவாளா? கழுத்து, தோள், விலா, முழங்கை. எல்லாம் பழைய காயம். பொருக்குக்கூட விழத் தொடங்கியிருந்தது. டொலறஸின் முகத்தில் இரத்தம் ஊறியதை நான் கண்ணால் கண்டேன்.

"மாதாவே, ஒண்டுமில்லை. ஒண்டுமேயில்லை."

மேரிறோஸ் கதிரை நுனியில் இருந்து பாண் துண்டைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை கொஞ்சம் ஏறியிருந்தது. டொலறஸின் கண் தற்செயலாக அங்கே போனது. இரண்டு முழங்காலிலும் கருந்தழும்பு.

"இதென்னடி?"

"நேர்த்தியம்மா. கொழும்புக்கு வரமுதல் மடுவிலை. விசா கிடைக்க வேணுமெண்டு முழங்காலாலை நடந்தனான்."

மூத்த தமையனுக்கு என்ன நடந்ததென்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சின்னப் பிள்ளை என்று மறைத்து, மறைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள்.

"இந்த முழங்காலோடையோ... ஒருத்தரும் பாக்கேல்லையோ? வழியிலை இறக்கி ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

மேரிறோஸ் தமையனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் பாணை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"எயாப்போட்டுக்குக் கிட்ட வானை மறிச்சவங்கள். ஒரு பொம்பிளைப் பொலிஸ் என்னை இறக்கி, பாவாடையைத் தூக்கச் சொன்னா. அப்ப சின்னண்ணா வானாலை குதிச்சார். சட்டைக் கையைத் தானே மேலை இழுத்துவிட்டு, இங்கிலிஷிலை கத்திக்கொண்டு அவங்களுக்கு நடுவிலை போனார். எல்லாரும் அவரைத்தான் சுத்திட்டாங்கள். அந்தப் பொம்பிளையும் என்னை விட்டிட்டு அங்கை ஓடிட்டா. வான்காரன் என்னை ஏத்திக்கொண்டு இழுத்திட்டான். நான் விடிய விடிய எயாப்போட்டிலை இருந்தனான் அம்மா. விடிஞ்சாப்பிறகுதான் அவரை விட்டவங்கள்."

"உன்னை என்ன செய்தவங்கள்?" டொலறஸ் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டுமில்லை. பாஸ்போட்டைப் பாத்திட்டு விட்டவங்கள். நீங்களே பாத்தனீங்கள்தானே, ஒரு காயமுமில்லை."

"வீட்டுக்குள்ளையும் ஏன் சப்பாத்து? கழட்டு."

"அம்மா..."

"கழட்டடா!"

அவன் அசையவில்லை. யாக்கோப்புதான் குனிந்து கழற்றினான். சப்பாத்து இலேசில் வரவில்லை. சொக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கால் இரண்டும் கறுத்து, வீங்கி, கோடுகோடாக வெடித்திருந்தன. கரைவலைக்காரனின் கெண்டைக்கால் மேலே அப்படியே இருந்தது.

"மட்சிலை வந்தது" என்றான் நாயகம், தாயைப் பார்க்காமல்.

"எந்த மட்சிலையடா ராசா உள்ளங்காலிலை அடிக்கிறவங்கள்?"

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. நான் போய் அடுப்பை நிறுத்திச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கதிரையில் இருந்துகொண்டு அந்தக் கால்களுக்குப் பூச முடியாது. டொலறஸ் சட்டியை வாங்கி நிலத்தில் வைத்தாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடித்தாள். மற்றதையும் மடித்தாள். குசினி நிலத்தில், மகனுக்கு முன்னால், முழந்தாளில் இருந்தாள்.

"எழும்புங்கோ அம்மா" என்றான் நாயகம். அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "அம்மா, ப்ளீஸ், எழும்புங்கோ."

"பேசாமல் இரு" என்றாள். காலை எடுத்து மடியில் வைத்து, விரலை எண்ணெயில் தொட்டு, சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூசத் தொடங்கினாள்.